ஒரே மாதிரியான எழுநூறு படங்கள்

எனக்கு ஒரு கர்வம் உண்டு. கணினி விழுங்கிவிட்ட எழுநூறு கல்யாணப் படங்களை அதன் வயிற்றிலிருந்தே திரும்பப் பிடுங்கி வந்தவள் நான். விழுங்கக் கொடுத்ததும் நீதானே என்று என் கணவர் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சேர்ப்பார். சேர்க்கட்டும். ஜெயித்தவர்கள் கதையில் முதல் பாதி கொஞ்சம் அசடு வழியத்தான் செய்யும்.

மருமகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. முதல் அழைப்பு என் கணவரின் அக்காவுக்கு. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என் கணவருக்கு இருக்கும் ஒரே உடன்பிறப்பு அவர்தான். கேரி தீவுத் தோட்டத்தில் இவர்களுடைய அம்மா இறந்தபோது என் கணவருக்கு ஒன்பது வயது. அண்ணி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பிக்குச் சோறு வடித்தார். அதனால் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் அண்ணி வந்து நிற்காமல் தொடங்காது.

ஒரு சனிக்கிழமை காலை வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்துக் கிள்ளானிலிருந்து சாலாக் செலாத்தானில் இருக்கும் அண்ணி வீட்டுக்குப் போனோம். தட்டை நீட்டினேன். அண்ணி கை நீட்டவில்லை. "டீ ஆறுது, குடிங்க" என்றார். பிறகு தம்பியைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"உன் மகன் கல்யாணத்துல என்னை மேடையில ஏத்தல. இப்ப வளையல் போட மட்டும் நான் வேணுமாப்பா?"

எனக்குச் சுரீர் என்றது. கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு உப்பு போதவில்லை என்றால்கூட நம் சனங்கள் மன்னித்துவிடுவார்கள். மேடைக்குக் கூப்பிட்டுப் படம் எடுக்கவில்லை என்றால் அடுத்த தலைமுறை வரை சொல்லிக் காட்டுவார்கள். அதற்கென்றே அன்றைக்கு நான் நாற்பது முறை மேடைக்கும் பந்திக்கும் ஓடினேன். ஒருத்தரையும் விட்டுவிடக்கூடாது என்று கால் வீங்கும் வரைக்கும் ஓடினேன். என்னைப் பார்த்தா இப்படி ஒரு பழி?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "என்ன அண்ணி இப்படி அபாண்டமா சொல்றீங்க? நீங்க பச்சைப் பட்டு கட்டிக்கிட்டு மேடையில நின்னதை என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றேன்.

"நான் நிக்கல."

"நின்னீங்க. ஃபோட்டோ இருக்கு. ஒண்ணு விடாம எல்லாம் என் லேப்டாப்புல இருக்கு. கொண்டுவந்து காட்டவா?"

"காட்டு" என்றார் அண்ணி. "அதுல நான் இருந்தா உன் வீட்டு அடுப்படியில வந்து நின்னு எல்லாத்தையும் நானே செய்றேன். இல்லன்னா இனிமே இந்த வாசப்படிக்கு நீங்க வரவேணாம், அந்த வாசப்படிக்கு நானும் வரல."

காரில் திரும்பினோம். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருடமாக மூட்டு வலி என்று சொல்லி அண்ணி எங்கள் வீட்டுப் பக்கம் வராமல் இருந்ததற்குக் காரணம் மூட்டு இல்லை என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. ஷா ஆலம் தாண்டும்போது என் கணவர் சொன்னார்: "அக்கா பொய் சொல்லாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அவர் சிக்னலைப் போட்டுத் தடம் மாறினார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் எனக்குச் சொன்ன மிகக் கடுமையான பதில் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மதியச் சோற்றைக்கூட வைக்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். பழைய லேப்டாப். தட்டினால் கொஞ்ச நேரம் கர்ர் என்று உறுமிவிட்டுத்தான் எழுந்திருக்கும். கல்யாணப் படங்களைப் புகைப்படக்காரர் ஒரு பெரிய பென்டிரைவில் போட்டுத் தந்திருந்தார். நான் அதையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, அவ்வளவு நல்ல பென்டிரைவ் சும்மா கிடக்கிறதே என்று துடைத்துக் காருக்குப் பக்திப் பாட்டு நிரப்பிக்கொண்டேன். அந்த நாள் வரை அதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தேன்.

படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறக்கப் போனேன். லேப்டாப் திணறியது. இடம் போதவில்லை என்று ஓர் அறிவிப்பு. கூடவே, எப்போதோ இலவசமாகக் கிடைக்கிறதே என்று இறக்கி வைத்திருந்த துப்புரவு மென்பொருள் ஒன்று சிவப்பு விளக்கு போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றது. உங்களிடம் ஒரே மாதிரியான படங்கள் ஏராளமாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை நீக்கவா என்று கேட்டது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, தினமும் காலை வணக்கம் சொல்லி உறவுக்காரர்கள் அனுப்பும் ரோஜாப்பூக்கள்தாம். ஒரே ரோஜா பதினைந்து பேரிடமிருந்து வரும். கைப்பேசியிலிருந்து அதெல்லாம் லேப்டாப்புக்கும் வந்து குப்பையாகச் சேர்ந்திருந்தது. நீக்கு என்றேன். நிரந்தரமாகவா என்று கேட்டது. நிரந்தரமாகத்தான் என்றேன். சுத்தம் சோறு போடும் என்று கேட்டு வளர்ந்தவள் நான்.

கோப்புறை இப்போது சட்டென்று திறந்தது. உள்ளே பத்தொன்பது படங்கள் இருந்தன.

பத்தொன்பது! புகைந்து எரியும் ஹோமம் ஒன்று, தாலி கட்டும் படம் ஒன்று, பந்தி ஒன்று. மேடைப் படங்களில் மிஞ்சியது ஒரே ஒன்று. அதில் மருமகளின் மாமன் வீட்டார் நின்றிருந்தார்கள். பிறகு விளங்கியது. விருந்தன்று புகைப்படக்காரர் மேடைக்கு எதிரில் காமிராவை ஒரே இடத்தில் நட்டுவைத்துவிட்டார். அதே பூச்சுவர், அதே இரண்டு நாற்காலி, அதே மாப்பிள்ளை, அதே பெண், வாய் வலிக்க அதே சிரிப்பு. இரண்டு பக்கமும் வந்து நிற்கும் சனங்கள் மட்டும்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். நமக்கு அந்தச் சனங்கள்தாம் படம். அந்த மென்பொருளுக்கு அத்தனையும் ஒரே ரோஜாப்பூ.

குப்பைத்தொட்டியில் தேடினேன், அங்கேயும் இல்லை. புகைப்படக்காரரை அழைத்தேன். "அக்கா, ஒரு வருஷத்துக்கு மேல வெச்சுக்க மாட்டேன்னு அப்பவே சொன்னேனே லா" என்றார். அண்ணியின் முகத்தில் சிரிப்பு வருவதை இங்கிருந்தே பார்த்தேன். காட்டுறேன் காட்டுறேன்னு சவடால் விட்டாளே, இப்ப காணோமாம் என்று ஊரே பேசும். என் கணவர் ஒன்றும் பேச மாட்டார். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

அழிந்த படங்களை மீட்கும் மென்பொருள் என்று இணையத்தில் தேடி ஒன்றை அதே லேப்டாப்பில் இறக்க ஆரம்பித்தேன். அது இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஷா ஆலம் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் தோழிக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவளுடைய சித்தப்பா மகள் பிரிக்ஃபீல்ட்ஸில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாளாம். எண்ணைத் தந்தாள். அழைத்து நடந்ததைச் சொன்னேன். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். மீட்கும் மென்பொருளை இறக்கிக்கொண்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அலாமாக்! அக்கா, ஸ்டாப்! மூடுங்க! ஷட்டவுன்கூட வேணாம், பேட்டரியைக் கழட்டுங்க!"

அந்தக் குரலுக்குப் பயந்து கழற்றிவிட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். பூக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் கடை. நாற்பது வயதிருக்கும் அவளுக்கு. கையில் சின்னத் திருப்புளி, நெற்றியில் விபூதி. என்னை உட்காரச் சொல்லிவிட்டு லேப்டாப்பின் அடிவயிற்றைத் திறந்தாள்.

"நல்லவேளை, பழைய மாடல். உள்ள சுத்துற டிஸ்க்தான் இருக்கு. புது மாடலா இருந்தா என்கிட்ட வந்தும் பிரயோஜனம் இல்லக்கா."

"எல்லாம் போயிருச்சாம்மா?"

"இன்னும் போகல. நீங்க அழிச்சதும் அது படத்தைத் தூக்கி வெளிய போடாது. இந்த இடம் காலின்னு மட்டும் எழுதி வெச்சுக்கும். பந்தியில ஆள் எழுந்து போயிட்டாரு, எலை இன்னும் அங்கயே கெடக்கு. அடுத்த ஆள் வந்து உக்காந்து எலையை எடுக்குற வரைக்கும் சாப்பாடு அப்படியேதான் இருக்கும்."

"அப்ப நேத்து நான் இறக்குனது?"

"அதுதான் அடுத்த பந்தி. கொஞ்சம் பேரு உக்காந்துட்டாங்க. எத்தனை எலைன்னு பாத்தாதான் தெரியும்."

அவள் வேலை செய்த விதத்தை நான் கிட்ட இருந்து பார்த்தேன். என் டிஸ்க்கில் அவள் நேராகக் கைவைக்கவே இல்லை. முதலில் அதை அப்படியே, காலி என்று எழுதியிருக்கும் இடத்தையும் சேர்த்து, வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தாள். தேடுவதெல்லாம் அந்த நகலில்தான். கிடைத்ததைச் சேமிப்பது மூன்றாவது டிஸ்க்கில். ஒரு படத்துக்கு இத்தனை மரியாதையா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பென்டிரைவைத் துடைத்து அரை நிமிடத்தில் பாட்டு நிரப்பியவள்.

"ஒரே எடத்துல ஒண்ணு மட்டும் வெச்சிருந்தீங்கன்னா ஒண்ணுமே வெச்சிருக்கலன்னு நெனச்சுக்குங்க அக்கா" என்றாள். அப்போதே அவளிடம் இரண்டு டிஸ்க் வாங்கினேன்.

புதன்கிழமை வேலை முடிந்து நேராக அங்கே போனேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். மேலிருந்து கீழ் வரை என் மகன், என் மருமகள், பூச்சுவர். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தார்கள். நான் கடையிலேயே வாய்விட்டுக் கத்தினேன். கீழே பூக்கடைக்காரர் படிக்கட்டில் எட்டிப் பார்த்தார். எழுநூற்றுச் சொச்சம் படங்களில் எட்டு மட்டும் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தன. அவை என் அவசரத்துக்குக் கிடைத்த தண்டனை. மற்றவையெல்லாம் பளிச்சென்று, எடுத்த அன்றைக்கு இருந்தது போலவே இருந்தன.

கூட்ட நேரத்து ரயிலில் கிள்ளான் வரை நின்றுகொண்டே வந்தேன். கால் வலி தெரியவில்லை. பையில் லேப்டாப்பும், படங்கள் ஏற்றிய இரண்டு டிஸ்க்கும். சாட்சி கைக்கு வந்துவிட்டது. அண்ணியின் முன்னால் இதை எப்படி வைப்பது, முதலில் என்ன சொல்வது என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு வசனம் தயாராகிக்கொண்டிருந்தது.

மீட்ட படங்களுக்குப் பெயர் இல்லை, வரிசையும் இல்லை. ஏதோ எண்களாகக் குவிந்து கிடந்தன. படம் எடுத்த நேரம் மட்டும் உள்ளே பதிந்திருந்தது. அதை வைத்து அடுத்த நாள் சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினேன். தேடியது பச்சைப் பட்டை. வந்தது! மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பச்சைப் பட்டு, தங்கக் கரை. "பாத்தீங்களா!" என்று கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். அது அண்ணி இல்லை. மருமகளின் பெரியம்மா. அதே பச்சை, கிட்டத்தட்ட அதே உடம்பு. என் இரண்டு கண்ணால் நான் பார்த்தது இவரைத்தான். என் மூளையும் அந்த மென்பொருள் செய்த வேலையைத்தான் செய்திருக்கிறது. இரண்டு பச்சைப் பட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டது.

அப்புறம்தான் நடுவை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். மேடையின் இடது பக்கத்துப் படிகள் எல்லாப் படத்திலும் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தன. ஒரு படத்தில் முதல் படியில் அண்ணி நின்றிருந்தார். கையில் சின்னப் பரிசுப் பை. அடுத்த படத்திலும் இருந்தார். அதற்கடுத்ததில் இரண்டாவது படிக்கு வந்திருந்தார், முகத்தில் சிரிப்பு, முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு என் கணவரின் மேலதிகாரி குடும்பம் மேடையில் நிற்கிறது, அண்ணி மறுபடி முதல் படியில். பெண் வீட்டார் ஒரு கூட்டம், அண்ணி முதல் படியில். இன்னொரு கூட்டம், அண்ணி முதல் படியில், சிரிப்பு இல்லை. நேரத்தைப் பார்த்தேன். முதல் படத்திலிருந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

அடுத்த படத்தில் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. நிறைய வளையல் போட்ட கை, பெண் வீட்டாரை வாங்க வாங்க என்று மேடைக்கு ஏற்றிவிடுகிறது. அந்தக் கையின் முழங்கை அண்ணியின் நெஞ்சுக்கு நேராக, வழியை அடைத்துக்கொண்டு நீண்டிருக்கிறது. கைக்கு உரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. அது என் கை.

அதற்கடுத்த படத்தில் படி காலி.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். ஒரு யோசனையும் வந்தது, மறைப்பானேன். படமெல்லாம் கணினியில் அழிந்துபோய்விட்டது அண்ணி என்று சொன்னால் முடிந்தது கதை. நேற்று வரை அது உண்மையும்கூட. பிரிக்ஃபீல்ட்ஸ் பெண் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. ஆனால் அத்தனை பாடுபட்டு மீட்டது இன்னொரு தடவை அழிப்பதற்கா? எனக்கே என்மேல் கோபம் வந்தது. அடுப்படியில் இருந்த கணவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கை இருக்கும் படத்தில் நின்றார். என் கையைப் பார்த்தார். "சனிக்கிழமை போலாமா?" என்றார். அன்றைக்குத்தான் ஐந்து நாளைக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சாலாக் செலாத்தானில் கதவைத் திறந்ததும், "காட்டு" என்றார் அண்ணி. ரயிலில் தயாரித்த வசனமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. லேப்டாப்பை மேசைமேல் வைத்து, "நீங்க சொன்னதுதான் சரி அண்ணி. நான்தான் தப்பு" என்றேன். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் ஒவ்வொரு படத்திலும் ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். நான்காவது படத்திலேயே அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏய், வாங்கடி இங்க! வந்து பாருங்க!" உள்ளே இருந்த இரண்டு மகள்களும் ஓடிவந்தார்கள். "அம்மா சும்மா கோவிச்சுக்கிறாங்க, கூட்டத்துல நிக்கவே இல்லன்னு சொன்னீங்கல்ல? இது யாரு? இது யாருடி? இதோ மணி போட்டிருக்கு பாரு, நாப்பது நிமிஷம்!" கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வருடமாக யாரும் நம்பாத ஒன்றை அவர் திரையில் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். நானும் சேர்ந்து சிரித்தேன். தோற்றவள் நான், ஆனால் ஜெயித்த மாதிரியே இருந்தது.

கடைசியில் அந்தக் கை வந்தது. "அது என் கை அண்ணி" என்றேன்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். "உன் கைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "தம்பிகிட்ட சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வரும். அதான் யாருன்னு சொல்லல."

நான் அழுதுவிட்டேன். மேடையில் ஏற்றவில்லை என்று சொன்னாரே தவிர, யார் என்று அன்றைக்கும் அவர் வாயிலிருந்து வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணிதான் முதலில் சமாளித்துக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

"இதெல்லாம் எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடு. உன்கிட்ட மட்டும் விட்டு வெச்சா மறுபடியும் சுத்தம் பண்ணிருவே."

இரண்டாவது டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அதை பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

"வளைகாப்பு எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு அண்ணி."

"அப்ப நான் ஏழு மணிக்கே வரேன். அன்னிக்கு யாரு யாரு எப்ப மேடைக்கு வரணும்னு நான்தான் சொல்வேன். நீ கையைக் கட்டிக்கிட்டு ஓரமா நில்லு."